ஓய்வுபெற்ற சர்க்கஸ் யானைகளுக்கு ஒரு இடம்: அங்கே குட்டி ஈனவும் வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம். யானைகளோடு பழகியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா 1981ல் ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்து 2006 வரை அங்கே யானைக்காரராக இருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். 1901ல் தலசேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து வடக்குக் கேரளத்துப் பிள்ளைகள் கூடாரத்துக்குப் போவது புதிதில்லை, ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து போனவர்கள் குறைவு. மாமா சாணி அள்ளும் வேலைக்குத்தான் போனார். இரண்டே வருடத்தில் ஒரு பெண் யானையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். கமலா என்று பெயர். பீகாரில் சோன்பூர் சந்தையில் வாங்கியது என்று சொல்வார்களாம், அதனால் இந்தியில் சொன்னால்தான் கேட்கும். மாமாவுக்குத் தெரிந்த இந்தி எல்லாம் கமலாவிடம் பேசிப் படித்ததுதான்.

கமலா ஸ்டூலில் உட்காரும், முன்கால் இரண்டையும் தூக்கி நிற்கும், லிங்கத்துக்கு மணி ஆட்டிப் பூஜை செய்யும். நானே சின்ன வயதில் கைதட்டியிருக்கிறேன். ஆட்டம் முடிந்தால் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு முன்காலிலும் ஒரு பின்காலிலும் சங்கிலி. அப்புறம் லாரி, அடுத்த ஊர். மைதானம் மண்ணாக இருந்தால் நல்ல ஊர் என்பார் மாமா. சிமெண்டுத் தளம் என்றால் இரண்டு வாரத்தில் உள்ளங்கால் தேய்ந்து நகத்துக்கு மேலே வெடிப்பு விட்டுவிடும். கமலாவுக்கு வலது முன்காலில் நடு நகத்து வெடிப்பு கடைசிவரை சேரவே இல்லை. தினமும் ராத்திரி வெந்நீரில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, வேப்பெண்ணெய் தடவிவிட்டுத்தான் மாமா படுப்பாராம்.

2006ல் அவருக்கு முட்டி போய்விட்டது, கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கிளம்பின அன்று கமலாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை, சொன்னால் இரை எடுக்காது என்று கூட இருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு அந்தக் கம்பெனி யானைகள் எல்லாம் போய்விட்டன என்று மட்டும் கேள்விப்பட்டார். எங்கே என்று யாரும் சொல்லவில்லை, ஃபோன் செய்தால் எடுப்பதும் இல்லை. இப்போது அவருக்கு 68 வயது. டீக்கடையில் யாராவது செல்லில் யானை வீடியோ போட்டால் எழுந்து போய்ப் பார்ப்பார், முதலில் வலது முன்காலைத்தான் பார்ப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ரிங்லிங் சர்க்கஸ்காரர்கள் 1995ல் ஃபுளோரிடாவில் போல்க் சிட்டி என்ற ஊரில் 200 ஏக்கரில் யானைகளுக்காக ஒரு மையம் ஆரம்பித்தார்களாம். வயதான யானைகளுக்கு ஓய்வு, கூடவே இனப்பெருக்கம். 2016 மே 1ஆம் தேதி கடைசியாக யானைகளை ஆட வைத்துவிட்டு அவற்றையும் அங்கேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கமலாவுக்கு ஒரு குட்டி இருந்திருந்தா அந்த ஆட்டத்த விட்டிருக்கும்டா." சங்கிலியில் நிற்கும்போது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்குமே, அதைத்தான் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த இனப்பெருக்க மையம் யானைக்குச் செய்த பெரிய புண்ணியம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அவரிடம் எதிர்த்துச் சொல்ல என்னிடம் விவரம் இல்லை.

நம் பக்கத்தில் சர்க்கஸ் யானைகளுக்கு என்று இடம் இருக்கிறதா? அப்படி ஒரு இடத்தில் குட்டி ஈன வைப்பது சரியா? கமலா எங்கே போனது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

சேத்துமடை மலசன்

தம்பி, உங்கள் மாமாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நகத்து வெடிப்பை இத்தனை வருஷம் கழித்தும் தேடுகிற ஆள் நல்ல பாகன்.

எங்கள் வீடு சேத்துமடை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வந்தால் ஆனமலை, அதற்கப்புறம் நாங்கள்தான். நாங்கள் மலசர். அப்பா டாப்ஸ்லிப் கோழிகமுத்தி வனத்துறை யானை முகாமில் காவடியாக, அதாவது உதவிப் பாகனாகச் சேர்ந்து, மாவுத்தனாகி (பாகனாகி) ஓய்வு பெற்றவர். அதனால் சர்க்கஸ் யானை பற்றி எனக்குத் தெரியாது, முகாம் யானை பற்றிச் சொல்கிறேன்.

இனப்பெருக்கம் என்கிறார்களே, எங்கள் முகாமில் அதற்கென்று தனியாக யாரும் எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, சாயங்காலம் களி கொடுத்து முடித்ததும் பெட்டையானைகளின் பின்காலில் இழுவைச் சங்கிலி மாட்டி, கழுத்தில் மணி கட்டிக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். ராத்திரி முழுவதும் அது அதன் இஷ்டம். மூங்கில் ஒடிக்கும், பட்டை உரிக்கும், காட்டு யானைக் கூட்டம் வந்தால் தள்ளி நின்று பார்க்கும், சிலது போய்ச் சேர்ந்தும் கொள்ளும். விடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தேடப் போவார். பனி விழுந்த புல்லில் சங்கிலி இழுத்த கோடு பாம்பு போன மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும். ஒரு நாள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு காலடி, அப்பாவின் முண்டாசுத் துண்டை விரித்துப் போட்டாலும் மூடாது, அவ்வளவு அகலம். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வந்துட்டுப் போயிருக்கான்" என்றார். அந்த யானை 20 மாதம் கழித்துக் குட்டி போட்டது. முகாமில் பிறக்கும் குட்டிகளில் நிறைய இப்படிக் காட்டுக் கொம்பனுக்குப் பிறந்தவைதான், முதுமலையிலும் இதே கதைதான்.

இப்போது உங்கள் மாமா சொன்ன விஷயம். குட்டி இருந்திருந்தால் ஆட்டத்தை விட்டிருக்கும் என்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி என்பேன். முகாமில் குட்டி பிறந்தால் பெற்றவள் மட்டும் வளர்ப்பதில்லை. பெறாத யானை ஒன்று இருந்தது, வயசானது. குட்டி லேசாகக் கத்தினால் போதும், தாய் திரும்புவதற்குள் அது ஓடி வந்து வயிற்றுக்கு அடியில் குட்டியை இழுத்துக்கொள்ளும். ஆற்றில் இறங்கினால் ஒரு பக்கம் தாய், மறுபக்கம் அது, நடுவில் குட்டி. தண்ணீர் வேகம் குட்டி மேல் படாது. நாங்கள் அதைச் சித்தி என்றுதான் கூப்பிடுவோம். அதுவாக ஒரு குட்டி பெற்றால்தான் மனசு ஆறும் என்பது இல்லை தம்பி. கூட நாலு பெட்டையானையும் மண் தரையும் ஆறும் இருந்தாலே ஆடுவது பாதி நின்றுவிடும். சங்கிலி இல்லாத இடத்தில் எதற்கு ஆடப்போகிறது?

ஓய்வு என்று சொன்னதால் இன்னொன்று. எங்கள் கும்கி (காட்டு யானையை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய யானை) கலீம் 2023 மார்ச்சில் 60 வயதில் ஓய்வு பெற்றது. அப்படி 99 வேலைக்குப் போய் வந்த யானை. வனத்துறை ஆட்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அதற்குப் பிறகும் அதே முகாம், அதே ராகி களி, அதே கொள்ளு, அதே பாகன் குடும்பம். சுமை மட்டும் கிடையாது. ஓய்வு என்றால் இப்படி இருக்கவேண்டும். இடம் மாறி, பாஷை மாறி, ஆள் மாறி எங்கோ கொண்டுபோய் விட்டால் அது எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் யானைக்கு முதல் ஒரு வருஷம் கஷ்டம்தான். யானையை மீட்டோம் என்று படம் போடுகிறார்கள், அதனோடு 25 வருஷம் படுத்து எழுந்த ஆள் என்ன ஆனான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

மண்ணுத்தி கால்நடை

அண்ணா, நானும் சித்தூர் தாலுகாதான், மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். சேத்துமடை அண்ணா சொன்ன சித்தி கதையை எங்கள் வகுப்பில் யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. நான் மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஃபுளோரிடா மையம் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். 1970களில் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, அமெரிக்காவும் ஆசிய யானையை அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்தது. அதோடு ஆசியாவில் குட்டி பிடித்து இறக்குமதி செய்யும் வழி அடைபட்டது. இருக்கும் யானைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, புதிது வராது. அப்படியானால் ஆட்டத்துக்கு யானை வேண்டும் என்றால் அவர்களே பிறக்க வைத்தால்தான் உண்டு. அங்கே பிறந்த குட்டிகளில் சில கூடாரத்துக்கும் போயின. இதைப் புண்ணியம் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. 2017ல் அந்த சர்க்கஸே மூடிவிட்டது (யானை இல்லாமல் பிறகு திரும்ப வந்தது, அது வேறு). மையத்தில் இருந்த யானைகளை ஃபுளோரிடாவின் வடக்குக் கோடியில் யூலி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயிட் ஓக் என்ற வனவிலங்குக் காப்பகம் வாங்கிக்கொண்டது. 2021ல் முதல் 12 பெண் யானைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. யானைகளுக்கென்று ஒதுக்கிய நிலம் 2,500 ஏக்கர், காடும் புல்வெளியும் நீர்நிலைகளுமாக. 200 ஏக்கர் எங்கே, 2,500 எங்கே? அந்தப் பன்னிரண்டில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று அக்கா தங்கைகள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சர்க்கஸ் தன் தேவைக்காகப் பிறக்க வைத்தது, கடைசியில் அவை ஒரு குடும்பமாகக் காட்டுக்குள் நடந்து போயின.

அந்த மையத்தால் ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பெரிய உடம்பு, இவ்வளவு செல்கள், ஆனாலும் யானைக்குப் புற்றுநோய் அபூர்வமாகத்தான் வருகிறது. ஏன் என்று தேடிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்த யானைகளின் ரத்தத்தையும் வைத்து 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கெட்டுப்போன செல்லைத் தடுக்கும் பி53 மரபணு நமக்கு ஒன்று என்றால் யானைக்கு 20. குழந்தைகளுக்கான புற்றுநோய் மருத்துவர் ஒருவர்தான் அந்த ஆய்வை முன்னின்று நடத்தினார்.

இப்போது குட்டி விஷயம். கமலாவுக்கு இப்போது 50 வயதுக்கு மேல் இருக்குமே? பெண் யானைக்கு வருடத்துக்கு மூன்று நான்கு முறைதான் பருவம் வரும், அதிலும் கருத்தரிக்கும் நாள் ரொம்பக் குறைவு. இளமையில் ஒரு முறைகூடக் கருத்தரிக்காமல் 25, 30 வயதைத் தாண்டிவிட்டால் கர்ப்பப்பையில் கட்டி, நீர்க்கட்டி என்று வந்து பருவமே நின்றுவிடுவது சாதாரணம். தப்பித் தவறித் தரித்தாலும் முதல் பிரசவம் அந்த வயதில் தாய்க்கே ஆபத்து. 20, 22 மாதம் சுமந்து நூறு கிலோ குட்டியை ஈனவேண்டும். ஆகவே 'ஓய்வுபெற்ற சர்க்கஸ் யானைகளுக்கு இனப்பெருக்க மையம்' என்ற பேச்சிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஓய்வு பெறும் வயதில் இருக்கிற யானையால் பெற முடியாது. பெறக்கூடிய இளம் யானை எதிலிருந்து ஓய்வு பெறுகிறது?

பிறந்தாலும் கதை முடியவில்லை. யானைகளுக்கு ஒரு ஹெர்பிஸ் வைரஸ் இருக்கிறது. பெரியவற்றின் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும், எட்டு வயதுக்குள் இருக்கும் குட்டிகளுக்கு வந்தால் நாக்கு நீலமாகி, முகம் வீங்கி, ஓரிரு நாளில் ரத்தக் கசிவில் கொண்டுபோய்விடும். 2021ல் திருவனந்தபுரம் பக்கம் கோட்டூர் மறுவாழ்வு மையத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு குட்டிகள் அப்படிப் போயின. அந்த வாரம் எங்கள் கல்லூரியில் எல்லோரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சீனியர்கள் சொல்வார்கள்.

2008ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கணக்கையும் மாமாவிடம் சொல்லுங்கள். ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் சராசரி ஆயுள் 18.9 வருடம், பர்மாவில் மரம் இழுத்த யானைகளுக்கு 41.7. பர்மாவில் வேலை கடினம், ஆனால் ராத்திரி காட்டில் விட்டுவிடுவார்கள். சேத்துமடை அண்ணா வீட்டுப் பழக்கம்தான் அங்கேயும். அமெரிக்காவில் டென்னசியில் 1995லேயே ஆரம்பித்த யானைச் சரணாலயம் ஒன்று இருக்கிறது, சர்க்கஸிலிருந்தும் மிருகக்காட்சி சாலையிலிருந்தும் வந்த யானைகள். அவர்கள் குட்டி ஈன வைப்பதே இல்லை, காட்சிக்கும் விடுவதில்லை. பிரேசிலில் 2016ல் தொடங்கிய சரணாலயத்துக்கு முதலில் வந்த இரண்டும் சர்க்கஸ் யானைகள்தான், அங்கேயும் குட்டி கிடையாது. சரணாலயம் என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கமலாவைத் தேடுவதற்கு: 1998ல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தை காட்டத் தடை செய்தது, கேரள உயர் நீதிமன்றம் 2000லும் உச்ச நீதிமன்றம் 2001லும் அது சரி என்றன. அதில் யானை இல்லை. அதனால்தான் மாமா 2006 வரை வேலையில் இருந்திருக்கிறார். பிறகு 2009ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மிருகக்காட்சி சாலைகளிலும் சர்க்கஸிலும் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு மாற்றச் சொன்னது, அப்புறம் சர்க்கஸ்களின் அங்கீகாரத்தையே ரத்து செய்ய ஆரம்பித்தது. எனவே கமலா மூன்றில் ஒரு வழியில் போயிருக்கலாம்: தனியாரிடம், கோவிலுக்கு, அல்லது மீட்பு மையத்துக்கு. கேரளத்தில் திருவிழாவுக்குக் கொம்பன்தான் கேட்பார்கள், பெண் யானைக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. வளர்ப்பு யானைக்கு உடைமைச் சான்றிதழ் உண்டு, மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் கொடுப்பது. தோலுக்கு அடியில் மைக்ரோசிப் எண்ணும் இருக்கும். கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவானதோ அந்த அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கம்பெனி பெயர், யானையின் பெயர், எந்த வருடம் வரை அங்கே இருந்தது, சான்றிதழ் யார் பெயருக்கு மாறியது, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக அனுமதி கேட்டார்களா, இவ்வளவும் தனித்தனிக் கேள்வியாக. உத்தரப் பிரதேசத்தில் மதுரா பக்கம் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பின் யானை மையத்துக்கும் எழுதுங்கள். 2015ல் தமிழ்நாட்டில் ஒரு சர்க்கஸிலிருந்து மீட்ட இரண்டு பெண் யானைகள் அங்கே போயின, கூட இருந்த மூன்றாவது 2016ல் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் பிரிந்திருந்த மூன்றும் அதற்குப் பிறகு ஒன்றாகவே இருந்தன.

குப்பம் பக்கம்

எல்லோரும் குட்டி வேண்டாம் என்றே எழுதுகிறீர்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. நான் சித்தூர் மாவட்டம் குப்பம், பெயர் குழப்பம் வேண்டாம், ஆந்திரா சித்தூர். எங்கள் பக்கமும் பாதி வீட்டில் தமிழ்தான். ஓசூர், கிருஷ்ணகிரிக் காட்டிலிருந்து 1980களில் யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கியது, அதற்கு முன் எங்கள் தாத்தா காலத்தில் இங்கே காட்டு யானையே கிடையாது. கவுண்டின்யா சரணாலயம் அதற்காக வந்ததுதான். இப்போது ராகி கதிர் வந்தால் மரத்து மேல் பரண் கட்டி ராத்திரி முழுக்க தகரம் தட்டவேண்டும். போன வருஷம் எங்கள் தக்காளி முக்கால் ஏக்கர் ஒரே ராத்திரியில் மண்ணோடு போனது. யானை மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கும் வழி அடைத்துப்போச்சு.

எங்களிடம் பழக்கிய கும்கி போதவில்லை. 2025 மே மாதம் கர்நாடகா கொடுத்த கும்கிகளை வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். கும்கி வேண்டும் என்றால் ஒன்று காட்டிலிருந்து பிடிக்கவேண்டும், இல்லை முகாமில் பிறக்கவேண்டும். பிடிப்பதை விடப் பிறப்பது நல்லதுதானே? சர்க்கஸ் யானை பெறாது என்று தங்கச்சி சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகாம்களில் பிறப்பதை ஏன் ஊக்கப்படுத்தக் கூடாது? இன்னொன்று, 2,500 ஏக்கர் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். இங்கே அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது, எங்கள் பட்டா நிலத்தைக் கேட்பீர்களா?

சேத்துமடை மலசன்

அண்ணா, தக்காளி போனது கேட்டு வருத்தமாக இருக்கிறது. சோளம் போன வீடு எங்களுக்கும் தெரியும்.

கும்கிக்கு முகாமில் பிறந்தது சரிவராது என்பது அப்பாவின் கட்சி. முகாமிலேயே வளர்ந்தது காட்டுக் கொம்பன் எதிரே வந்து காதை விரித்தால் திரும்பி ஓடிவிடும், மேலே இருக்கிற ஆள் கதி என்ன? காட்டில் வளர்ந்து, காட்டில் சண்டை போட்டு வந்ததுதான் நிற்கும். கலீமும் காட்டில் பிடித்ததுதான். 2019ல் பிடித்த சின்னதம்பியும் அப்படித்தான், கராலில் (மரக்கூண்டில்) ஏற்றி, பழக்கி, இப்போது அதுவே கும்கி. பிடிப்பதை நான் நல்லது என்று சொல்லவில்லை, மரக்கூண்டுக்குள் அது முட்டுகிற சத்தம் கேட்டவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் பிறக்கிற குட்டி பிறக்கட்டும், அதை எண்ணி, திட்டம் போட்டு, இத்தனை வேண்டும் என்று பெறவைத்தால் அது நாளைக்கு யாருடைய வேலைக்கோ என்றுதான் போய் முடியும். சர்க்கஸில் அதுதானே நடந்தது.

நிலம் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். ஓய்வுபெற்ற பத்து பதினைந்து யானைக்குப் புதிதாகப் பட்டா நிலம் வேண்டியதில்லை, இருக்கிற முகாம்களை ஒட்டின காட்டில் பகலில் நடக்க விட்டாலே போதும். செலவு தீவனத்துக்கும் ஆளுக்கும்தான். ஒரு யானை நாளைக்கு 150, 200 கிலோ தின்னும். அதற்குத்தான் யாரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை.

மண்ணுத்தி கால்நடை

ஒரு சின்ன விஷயம், எழுத மறந்துவிட்டேன். கமலா கிடைத்து மாமா பார்க்கப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அவருக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். மனிதனுக்கு வரும் அதே காசநோய்க் கிருமிதான் யானைக்கும் வருகிறது, நம்மிடமிருந்து அதற்கும் அதனிடமிருந்து நமக்கும். கூடாரத்தில் வருடக்கணக்கில் ஒன்றாக இருந்தவர்கள் என்பதால் நல்ல மையங்கள் இதைக் கேட்பார்கள். அவர் வருத்தப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள் அண்ணா.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியவில்லை.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கர்ப்பப்பை பற்றித் தங்கை எழுதியதை வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தி யானை வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார், இதுவரை எங்களிடம் சொல்லாதது. கம்பெனியில் கமலாவுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட இன்னொரு சின்னப் பெண் யானை இருந்ததாம், ஆறு ஏழு வயது இருக்கும். லாரியில் ஏற்றும்போது அது பயந்து கத்தினால் கமலா தும்பிக்கையை நீட்டி அதன் வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்குமாம், வண்டி நகரும்வரை. அந்தச் சின்னதை 1994ல் விற்றுவிட்டார்கள். கமலா ஆட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்கிறார். இத்தனை நாள் குட்டி என்று அவர் சொன்னது அதைத்தானா என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

தகவல் உரிமை மனு எழுதிவிட்டேன், தங்கை சொன்ன மாதிரியே தனித்தனிக் கேள்வி. அடையாளத்துக்கு மாமா சொன்னதையும் சேர்த்திருக்கிறேன்: வலது முன்காலில் நடு நகத்து வெடிப்பு, இடது காதின் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவு கிழிசல், வாலில் முடி ஒரு பக்கம் மட்டும். மதுராவுக்கும் கடிதம் போகிறது. பரிசோதனைக்குத் திங்கட்கிழமை சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், அவரே சரி என்றார்.

சேத்துமடை அண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவரை டாப்ஸ்லிப்புக்குக் கூட்டி வரலாமா? முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. வெல்லம் கொண்டுவரட்டுமா என்று கேட்கச் சொன்னார்.

சேத்துமடை மலசன்

தாராளமாக வாங்க தம்பி. வெல்லம் வேண்டாம், வெளியிலிருந்து எதுவும் கொடுக்க விடமாட்டார்கள், டாக்டர் சொன்ன அளவுதான். சேத்துமடை செக்போஸ்ட்டில் நான் நிற்கிறேன், டாப்ஸ்லிப்பிலிருந்து முகாமுக்கு வனத்துறை வண்டி உண்டு, நடக்கவே வேண்டியதில்லை. களி உருட்டுகிற நேரத்துக்கு வந்துவிட்டால் நல்லது. அப்பாவும் வருகிறேன் என்கிறார், மாமாவிடம் அந்த இந்தியைக் கேட்கவேண்டுமாம்.